கோழி சூப்புக்கும் பாஸ்போர்ட்!

சளி பிடித்தால் நம் வீட்டில் என்ன செய்வார்கள்? மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, கோழி சூப் வைத்துக் கொடுப்பார்கள். ஜெர்மனியிலும் அதேதான்! முட்டையிட்டு ஓய்ந்த கோழியை காரட், செலரி சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க விடுவார்கள். இதற்கென்றே "சூப் கோழி" என்று கடைகளில் தனியாக விற்கிறார்கள்.

அடுப்பு முன் நிற்க நேரம் இல்லாதவர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத் தூளாகவும், சிறு கட்டியாகவும், கண்ணாடி பாட்டிலிலும் சூப் கிடைக்கிறது. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் பால் பாக்கெட்டைப் போல சுமார் ஒரு லிட்டர் அட்டைப் பெட்டியில் கோழிச்சாறு விற்கிறார்கள். பெட்டியை வெட்டி, சட்டியில் ஊற்ற வேண்டியதுதான்.

"இதை வெளிநாட்டில் வாங்கி ஜெர்மனியில் விற்றால் லாபம்தானே?" என்று யாருக்கும் தோன்றும். சாதாரண மளிகை வியாபாரமாகத்தான் தெரியும். உள்ளே நுழைந்து பார்த்தால்தான், ஒரு கோழி கடல் கடக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது புரியும்.

ஐஸ் பெட்டி வேண்டாம்

சாதாரண கோழி சூப் ஒரே நாளில் கெட்டுவிடும். அட்டைப் பெட்டி சூப் மட்டும் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது எப்படி?

சாற்றைச் சுமார் 135 முதல் 140 டிகிரி வரை சில வினாடிகள் சூடாக்குகிறார்கள். கிருமிகள் மடிகின்றன. பிறகு, கிருமி நீக்கிய பெட்டியில், கிருமி இல்லாத அறைக்குள்ளேயே ஊற்றி மூடி விடுகிறார்கள். காகிதம், பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியத் தகடு ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிய பெட்டி அது. காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாது. சுவீடன் நாட்டு டெட்ரா பாக் கம்பெனி 1960-களில் கொண்டு வந்த முறை இது.

ஆகவே ஐஸ் பெட்டி தேவை இல்லை. சாதாரண கண்டெய்னரே போதும். ஆனால் திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

கப்பலில் போவது தண்ணீர்

இந்தப் பெட்டியில் மிகப் பெரும் பங்கு தண்ணீர்தான். ஒரு கண்டெய்னரில் 20 டன் ஏற்றினால் சுமார் 20 ஆயிரம் பெட்டிகள் போகும். வியாபாரி கப்பல் கூலி கொடுப்பது, பெரும்பாலும் தண்ணீருக்குத்தான்!

இந்தக் கணக்கை 150 ஆண்டுகளுக்கு முன்பே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் அந்தக் காலத்தில் தோலுக்காக மாடுகளை வெட்டினார்கள். இறைச்சியை வாங்க ஆள் இல்லை. ஐரோப்பாவிலோ ஏழைகளுக்கு இறைச்சி எட்டாத விலை. ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் சொன்ன முறைப்படி, இறைச்சியை வேகவைத்துச் சாறு எடுத்து, அந்தச் சாற்றைச் சுண்டக் காய்ச்சினார்கள். சுமார் 30 கிலோ இறைச்சியில் ஒரு கிலோ கூழ் கிடைத்தது. இதற்காக 1865-ல் லண்டனில் கம்பெனி தொடங்கினார்கள். உருகுவேயில் பிரை பென்டோஸ் என்ற ஊரில் தொழிற்சாலை நடந்தது. அந்த இடத்தை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1908-ல் சுவிட்சர்லாந்தின் மாகி கம்பெனி சூப் கட்டியை விற்க ஆரம்பித்தது. தண்ணீரை வீட்டுக்காரியே ஊற்றிக்கொள்ளட்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். சட்டைப் பையில் அடங்கும் அந்தக் கட்டியோடுதான் அட்டைப் பெட்டி சூப் போட்டி போட வேண்டும்.

கால்நடை டாக்டர் கையெழுத்து

கூலியைக்கூடச் சமாளித்து விடலாம். உண்மையான தடை, பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கொஞ்சம் கோழி!

ஐரோப்பிய யூனியனுக்குள் எந்த நாட்டுக் கோழி வரலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு. நாடு பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. தொழிற்சாலையும் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த நாட்டு அரசாங்கக் கால்நடை டாக்டர் ஒவ்வொரு சரக்குக்கும் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். கப்பல் வருவதற்கு ஒரு வேலை நாளுக்கு முன்பாவது துறைமுகத்துச் சோதனைச் சாவடிக்குத் தகவல் போக வேண்டும்.

அமெரிக்காவில் கோழியைக் குளோரின் தண்ணீரில் கழுவ அனுமதி உண்டு. ஐரோப்பா 1997 முதல் அதை ஏற்பதில்லை. அமெரிக்காவில் அமோகமாக விற்கும் பெட்டி என்பதால் ஹாம்பர்க் துறைமுகம் கதவைத் திறந்துவிடாது.

தாய்லாந்தின் அனுபவமும் ஒரு பாடம். 2004-ல் பறவைக் காய்ச்சல் வந்தது. தாய்லாந்தின் பச்சைக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா தடை போட்டது. 2012-ல்தான் தடை நீங்கியது. ஆனால் அத்தனை ஆண்டுகளும் வேகவைத்த கோழி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சூடு நோய்க்கிருமியைக் கொன்றுவிடும் அல்லவா?

திருப்பி அனுப்பினால்?

சர்டிபிகேட்டில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒத்துப் போகாவிட்டால் சரக்கு நின்றுவிடும். திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது அழிக்க வேண்டும். அதிகபட்சக் கெடு 60 நாள். செலவு முழுவதும் வியாபாரி தலையில். சூப் கெட்டுப் போயிருக்காது. காகிதம்தான் கெட்டிருக்கும்! சேமிப்பை எல்லாம் போட்ட சிறு வியாபாரி, ஒரே கண்டெய்னரில் தெருவுக்கு வந்துவிடுவார்.

மும்பை பல்லார்டு எஸ்டேட்டில் கப்பல் ஆபீஸ்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்பது டைப் அடிக்கிற குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

செலரியும் ஒரு சிக்கல்

துறைமுகம் தாண்டினால் லேபிள். ஜெர்மனியில் விற்பதானால் ஜெர்மன் மொழியில் இருக்க வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும். அந்த 14-ல் செலரியும் ஒன்று. சூப்பில் செலரி போடுவது வழக்கம். அமெரிக்காவின் ஒவ்வாமைப் பட்டியலில் செலரி இல்லை. அங்கே அச்சான பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்தால் தகராறுதான்.

இன்னொரு வேடிக்கை. பாட்டி காலத்திலிருந்து சளிக்குக் குடிக்கிற சூப்தான். ஆனால் "சளி தீரும்" என்று லேபிளில் எழுதக் கூடாது. உணவு நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்பது சட்டப்படி தவறு.

2019 முதல் ஜெர்மனியில் மற்றொரு சட்டமும் உண்டு. காலிப் பெட்டியைச் சேகரித்து மறுபடி பயன்படுத்தும் செலவையும் விற்பவர்தான் கட்ட வேண்டும். குப்பைக்கும் முன்பணம்!

பக்கத்து வீட்டு வழி

அப்படியானால் இந்த வியாபாரமே நடக்காதா? நடக்கும். கடல் தாண்டிப் போகாமல் ஸ்பெயினில் வாங்கினால் போதும். ஸ்பெயினும் ஜெர்மனியும் ஒரே யூனியன். இடையில் சோதனைச் சாவடி இல்லை. அரசாங்கம் அனுமதித்த தொழிற்சாலை என்று காட்டும் நீள்வட்ட முத்திரை பெட்டியில் இருக்கும். லேபிளை ஜெர்மன் மொழியில் மாற்றி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். சரக்கு அதே கோழிச்சாறு. மாறியது பாதை மட்டுமே.

நாமக்கல் காட்டும் வழி

நம் நாட்டுக் கோழி இறைச்சிக்கு அந்த ஐரோப்பியப் பட்டியலில் இடம் இல்லை. ஆனால் நம் முட்டைத் தூளுக்கு இடம் உண்டு! நாமக்கல், ஈரோடு பக்கத்து முட்டைகள் உடைத்து, சூடுகாட்டி, உலர்த்தித் தூளாகிக் கப்பல் ஏறுகின்றன. மத்திய அரசின் ஏற்றுமதி ஆய்வு அமைப்பு சர்டிபிகேட் கொடுக்கிறது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். அதை இங்கேயே விட்டுவிட்டு, சத்தை மட்டும் அனுப்புகிறோம்.

லீபிக் கம்பெனி அன்று உருகுவேயில் செய்ததும் இதுதான். தண்ணீர் எந்த ஊரிலும் கிடைக்கும். அதற்குக் கப்பல் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சரியான ஒரு காகிதம் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஏற்றுமதி செய்து பிழைக்க நினைப்பவர் சரக்கைத் தேடும் முன், அந்தக் காகிதத்தைத் தேடட்டும்.