நளன் குளத்துப் படியில் ஒரு மெனு

திருநள்ளாற்றுக்கு முதல்முறை வருகிறவரின் கேள்விகள் கொஞ்சம்தான். நளன் குளத்தில் குளித்தபின் முதலில் எந்தச் சன்னதிக்குப் போவது, மதியம் சாத்திய நடையை எப்போது திறப்பார்கள், காரைக்காலுக்குப் பஸ் எங்கே ஏறுவது. 2023 டிசம்பர் 20-இல் வந்ததைப் போன்ற ஒரு சனிப்பெயர்ச்சி நாளில், நல்லெண்ணெய்க் கையோடு ஒருவர் குளத்துப் படியில் நின்று போனில் ஓர் இணையதளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சுற்றுலா’வைத் தொட்டால் ‘ஆன்மிகத் தலங்கள்’ விரிகிறது. அதற்குள் ‘கோயில்கள்’, அதற்குள் ‘திருநள்ளாறு’, அதற்கும் உள்ளே ‘பக்தர்களுக்கு’. கணினியில் மவுஸைக் காட்டினாலே விரிகிற துணை மெனுவை, போனில் விரலால்தான் திறந்தாக வேண்டும். கட்டைவிரல் ஒரு நூல் விலகினால் அத்தனை அடுக்கும் மடங்கிக்கொள்ளும்.

மெனுவை ஆழமாக்குவதைவிட அகலமாக்குவதே மேல். ஒவ்வோர் அடுக்கிலும் வருகிறவர் ஊகித்துத்தான் தொடுகிறார். பத்தில் ஒன்பது பேர் ஒவ்வொரு முறையும் சரியாகத் தொட்டாலும், இரண்டு அடுக்கைக் கடந்து சேருகிறவர்கள் நூற்றுக்கு 81 பேர். ஐந்து அடுக்கென்றால் 59 பேர்தான். 1998-இல் கெவின் லார்சனும் மேரி செர்வின்ஸ்கியும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் 512 தலைப்புகளை மூன்று விதமாக அடுக்கிச் சோதித்தார்கள். எட்டெட்டாக மூன்று அடுக்கு வைத்ததில்தான் தேட அதிக நேரம் பிடித்தது. 16-ம் 32-மாக இரண்டே அடுக்கில் வைத்தவை முந்தின. பட்டியல் நீண்டால் மனம் குழம்பும், ஏழுக்கு மேல் கூடாது என்பார்கள். ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய அந்த ஏழு, நினைவில் தாங்கும் அளவைப் பற்றியது. மெனு கண்ணெதிரே இருக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பின் ஏன் அடுக்குகள் பெருகுகின்றன? வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் ஒரு தலைப்பைச் சற்று வலப்பக்கம் இழுத்துவிட்டாலே அது துணைத் தலைப்பாகிவிடும். அவ்வளவு சுலபம். புதிதாக ஒரு பக்கம் வரும்போதெல்லாம், அதை எழுதிய துறையின் கீழ் அதைச் செருகிவிடுகிறார்கள். நாளடைவில் மெனு அலுவலகத்தின் படிநிலையாகவே மாறிவிடுகிறது. பஸ் போக்குவரத்துத் துறை, குளம் கோயில் நிர்வாகம், தங்குமிடம் சுற்றுலாத் துறை என்ற பிரிவெல்லாம் பக்தருக்கு எதற்கு? தர்ப்பாரண்யேஸ்வரரை வணங்கிவிட்டுச் சனீஸ்வரன் சன்னதிக்கு வருவதுதான் அவருக்குத் தெரிய வேண்டிய வரிசை. ‘குளியல், தரிசனம், தங்குமிடம், பஸ்’ என்று அவர் வாயில் வருகிற சொற்களே முதல் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தேடுபெட்டி இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. இந்த ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஒருவர் முதல் எழுத்தோடு ‘ஹெச்’ சேர்ப்பார், ஒருவர் சேர்க்க மாட்டார். கடைசியில் ‘யூ’ போடுகிறவர்களும் உண்டு. இத்தனையையும் ஒன்றென்று அறியாத தேடுபெட்டி வெறுங்கையோடு அனுப்பிவிடும். தங்கள் பக்கம் மெனுவில் இல்லாமல் போகுமே என்ற துறைகளின் மனத்தாங்கலும் உண்மையானதே. அவற்றின் பக்கங்களை அழிக்க வேண்டாம். மெனுவிலிருந்து எடுத்துத் துறைப் பட்டியல் என்ற ஒரே பக்கத்தில் சேர்த்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பக்கத்தை வேறு தலைப்பின் கீழ் நகர்த்தும்போது அதன் இணைய முகவரியும் மாறிவிடக்கூடும். பழைய முகவரி வாட்ஸ்அப்பிலும் அச்சடித்த துண்டுப் பிரசுரத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தொடுகிறவர் தானாகவே புதிய பக்கத்துக்கு வந்துசேரும்படி அன்றைக்கே வழிமாற்றிவிட வேண்டும்.