சில் வூ ப்லே: மரியாதையாகக் கேட்போம், மரியாதையாக மறுப்போம்!



கொடைக்கானலில் சலேத் மாதா கோயிலைத் தெரியாதவர் உண்டா? சலேத் என்பது பிரான்ஸ் நாட்டில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஓர் ஊரின் பெயர். ஆக, பிரெஞ்சுப் பேர் நம் வாய்க்குப் புதுசு இல்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் நம் மலைக்கும் வருகிறார்கள். மலைப்பூண்டு, தைலம், சாக்லேட் என்று வாங்குகிறார்கள். அவர்களோடு பேச நாலு வார்த்தை போதும். அவை எவை என்று பார்ப்போம்.

முதலில் வணக்கம்

பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். இதற்கு வணக்கம் என்று பொருள். அதைச் சொல்லாமல் நேரே விலை பேசினால் மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். நாமும் அப்படித்தானே? வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்லாமல் விஷயத்துக்குப் போவோமா? பெண் என்றால் "போன்ஜூர் மதாம்", ஆண் என்றால் "போன்ஜூர் மொஸ்யூ". பொழுது சாய்ந்த பிறகு "போன்ஸ்வார்".

நீ, நீங்க

நம்மைப் போலவே அவர்களுக்கும் இரண்டு சொல் உண்டு. "தூ" என்றால் நீ. "வூ" என்றால் நீங்க. புதியவரிடம் எப்போதும் "வூ" தான். "சில் வூ ப்லே" என்றால் "உங்களுக்கு விருப்பமானால்" என்று பொருள். நாம் பேச்சில் "தயவுசெய்து" என்று அதிகம் சொல்வதில்லை. "கொஞ்சம் தர்றீங்களா" என்போம். அந்தக் "கொஞ்சம்" செய்கிற வேலையைத்தான் "சில் வூ ப்லே" செய்கிறது.

அவர்கள் "ஜ வூத்ரே" என்று ஆரம்பித்தால், "எனக்கு இது கிடைக்குமா" என்று பணிவாகக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடையில் உதவும் வார்த்தைகள்

* ஒரு நிமிஷம் இருங்க: அன் மொமான், சில் வூ ப்லே
* கொஞ்சம் மெதுவா பேசுங்க: ப்லூ லான்த்மான், சில் வூ ப்லே
* மன்னிக்கணும்: பார்தோன்
* நன்றி: மெர்சி

மறுப்பதும் நம் உரிமை

சிலர் கேட்காமலே நம்மையும் நம் பிள்ளைகளையும் படம் எடுக்கிறார்கள். நம் சகோதரிகள் பலர் எப்படித் தடுப்பது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கிறோம். இனி அது வேண்டாம். நிமிர்ந்து நின்று, "பா த ஃபோட்டோ, சில் வூ ப்லே" சொல்லுங்கள். "போட்டோ வேண்டாங்க" என்று பொருள். பொருள் வாங்கினார் என்பதற்காக நம் படத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. மரியாதையாகச் சொன்னால் சண்டையும் வராது, வியாபாரமும் கெடாது.

பிளாஸ்டிக் பை கேட்டால் "பா த ப்லாஸ்தீக்" என்று சொல்லித் துணிப்பையைக் காட்டுங்கள். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை இருக்கிறதே!

பழகுவது எப்படி?

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எழுதி முடித்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர் என்று பேசிப் பாருங்கள். உச்சரிப்பு பிசகினால் கூச்சப்பட வேண்டாம். நம் ஊருக்கு வந்து "வணக்கம்" என்று தட்டுத்தடுமாறிச் சொல்கிற வெள்ளைக்காரரைப் பார்த்து நாம் சந்தோஷம்தானே படுகிறோம்? அவர்களும் அப்படித்தான்.