தண்ணீரில் விழுந்தால் வள்ளத்தில் மீண்டும் ஏறுவது எப்படி?

பல வருடங்களின் பின் சொந்தக் கரைக்குத் திரும்பித் தொழிலைத் தொடங்கும் குடும்பங்கள் பலவற்றின் கையில் இப்போது இருப்பது பதினெட்டு, பத்தொன்பது அடிக் கண்ணாடியிழை வள்ளம். முன்பு கட்டுமரத்திலோ தெப்பத்திலோ போனவர்களுக்கு இதில் ஒரு வித்தியாசம் உண்டு. கட்டுமரம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும். விழுந்தவர் புரண்டு ஏறிவிடலாம். கண்ணாடியிழை வள்ளத்தின் விளிம்பு உயரமானது, வழுவழுப்பானது, பிடிக்க ஒன்றும் இராது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட வள்ளத்தைப் பிடித்தபடியே களைத்துப் போகலாம். நலன்புரி முகாம்களில் வளர்ந்து, இப்போதுதான் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது வள்ளத்தையோ அதிலிருந்து தொங்கும் கயிற்றையோ பிடிப்பதுதான். ஆளில்லாத வள்ளத்தைக் காற்று நீங்கள் நீந்துவதைவிட வேகமாக இழுத்துக்கொண்டு போகும். தனியாகத் தொழிலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தின் பின்னால் முப்பது, நாற்பது அடி மிதக்கும் கயிறு ஒன்றை, நுனியில் வெறும் பிளாஸ்டிக் கான் கட்டி, மிதக்க விடுவது நல்லது. வலை விடும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அது விசிறியில் சுற்றாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தும் சிறு கயிறு உங்கள் எஞ்சினில் இருந்தால் அதை மணிக்கட்டில் மாட்டாமல் புறப்பட வேண்டாம். அது கழன்றால் எஞ்சின் நின்றுவிடும். மாட்டாமல் விழுந்தால் வள்ளம் உங்களை விட்டுப் போய்விடும், அல்லது வட்டமடித்துத் திரும்பி உங்கள் மேலேயே வரும்.

ஏறும்போது எல்லோரும் செய்யும் பிழை, நிமிர்ந்து தொங்கியபடி கைகளால் இழுப்பது. அப்படி இழுத்தால் கால்கள் வள்ளத்தின் அடிக்குள் போய்விடும். தண்ணீருக்குள் உங்கள் பாரத்தைத் தண்ணீர் தாங்குகிறது. நெஞ்சு வெளியே வந்ததும் முழுப் பாரமும், நனைந்த உடுப்பின் பாரமும், கைகளில் விழுகிறது. ஆகவே விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதலில் கால்களைப் பின்னால் நீட்டி, உடம்பைத் தண்ணீர் மட்டத்தில் படுக்க வையுங்கள். பின்பு கால்களைப் பலமாக அடித்து, நீந்திப் போவதுபோல வயிற்றை விளிம்பின் மேல் ஏற்றி, தலையை உள்ளே சாய்த்து உருளுங்கள். சாரம் காலைச் சுற்றினால் இது நடக்காது. அதைக் கழற்றிவிடுங்கள்; வெட்கத்தைக் கரையில் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தால் ஏறினால் வள்ளம் உங்கள் பக்கம் சரியும். தனியாக இருந்தால் பின்புறத்தால், எஞ்சினுக்குப் பக்கத்தில் ஏறுவது இலகு. எஞ்சின் முற்றாக நின்றிருக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தால் பின்புறம் மேலெழுந்து தலையில் அடிக்கும். அப்போது பக்கத்தால், பின்புறத்துக்குக் கிட்டவாக ஏறுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட உதவுவது ஒரு கயிற்றுப்படி. செலவு மிகக் குறைவு. தடித்த கயிற்றின் ஒரு நுனியைக் குறுக்குப் பலகையில் உறுதியாகக் கட்டுங்கள். மறு நுனியில் இறுகாத வளையம் ஒன்று போட்டு, கால் வைக்கும் இடத்தில் பழைய ரப்பர் குழாய்த் துண்டொன்றைக் கோர்த்துவிடுங்கள். குழாய் இருந்தால் வளையம் விரிந்தே நிற்கும், காலையும் வெட்டாது. வளையம் தண்ணீருக்குக் கீழே ஒன்று, ஒன்றரை அடியில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆழமாகத் தொங்கினால் கால் வள்ளத்தின் அடிக்குள் வழுக்கும். தண்ணீரில் இருந்தபடி கை நீட்டி இழுத்து விடக்கூடியதாகச் சுருட்டி வையுங்கள். உள்ளே ஆழத்தில் வைத்த கயிறு விழுந்தவருக்கு உதவாது. உள்ளே இழுத்துப் பிடிக்க, முடிச்சுகள் போட்ட இன்னொரு கயிறும் இருந்தால் வேலை பாதியாகும்.

இருவர் போயிருந்தால், வள்ளத்தில் இருப்பவர் எதிர்ப்பக்கம் அமர்ந்து பாரம் கொடுக்க வேண்டும். அந்தரப்பட்டு இருவரும் ஒரே பக்கம் சாய்வதால்தான் இரண்டாவது ஆளும் விழுகிறார். விழுந்தவர் களைத்திருந்தால் மற்றவர் தன் பாரத்தைத் தாழ்வாக வைத்து, முழங்காலில் நின்று, அவருடைய கமக்கட்டுக்குள் கை கொடுக்கட்டும். ஒருமுறை சற்றுக் கீழே அமத்தி, தண்ணீர் அவரை மேலே தள்ளும் அந்த நேரத்தில் இழுக்க வேண்டும். நெஞ்சு விளிம்பில் ஏறியதும் ஒரு காலைப் பிடித்து உள்ளே எடுங்கள். தூக்க முடியாவிட்டால், தலை மேலே இருக்கும்படி கமக்கட்டின் கீழ் கயிறு போட்டு வள்ளத்தோடு கட்டி வைத்து, மற்ற வள்ளங்களைக் கூப்பிடுங்கள்.

மூச்சில்லாமல் எடுத்தவரைத் தலைகீழாகப் பிடிப்பதும் வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பதும் எங்கள் கரைகளில் இன்னும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள்; போகும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்து. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அமத்தத் தொடங்குங்கள். தண்ணீர் குடித்து இருமிக்கொண்டிருப்பவர் சுகமாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரத்தின் பின்னும் வரலாம்.

வள்ளம் கவிழ்ந்தால் முதலில் ஆட்களை எண்ணுங்கள். மிதப்பு அறைகள் சேதமில்லாமல் இருந்தால் கண்ணாடியிழை வள்ளம் கவிழ்ந்தும் மிதக்கும். அடிப்பாகத்தின் மேல் ஏறி இருங்கள். எங்கள் கடல் சூடானது என்றாலும் மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், தூரத்தில் போகும் வள்ளங்களுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். கரை தெரிகிறதே என்று நீந்தப் புறப்பட வேண்டாம். நிமிர்ந்தபடி தண்ணீர் நிரம்பியிருந்தால், மற்றவர்கள் இரு பக்கமும் பிடித்து ஆடாமல் வைத்திருக்க, பாரம் குறைந்த ஒருவர் பின்புறத்தால் ஏறி இறைக்கட்டும். இறைக்கும் வாளியை வள்ளத்தோடு கட்டி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் அது கையில் இருக்கும்.

வாடைக்காற்று தொடங்குமுன், களப்பிலோ அலையில்லாத கரையிலோ, நெஞ்சளவு தண்ணீரில் எல்லோரும் ஏறிப் பழகுங்கள். முதலில் வெறும் உடம்போடு, பின்பு தொழிலுக்குப் போகும் உடுப்போடு, பின்பு உயிர்காப்பு அங்கியோடு. அங்கி போட்டால் விளிம்பில் வயிறு ஏற்றுவது சற்றுக் கடினம். அதைக் கரையிலேயே தெரிந்துகொண்டால் கடலில் அங்கியைக் கழற்றி எறியத் தோன்றாது. கணவரோடு தொழிலுக்குப் போகும் பெண்களும், களப்பில் இறால் பிடிக்க வள்ளத்தில் போகும் பெண்களும் இந்தப் பழக்கத்தில் சேர வேண்டும். தானாக ஏற முடியாதவர் யார் என்று அன்றே தெரிந்துவிடும். அவரைத் தனியாகக் கடலுக்கு அனுப்பாதீர்கள்.