நெஞ்சுக்குள் ஒரு பாடசாலை

மார்பெலும்பின் பின்னால், இருதயத்துக்குச் சற்று மேலே, தைமசு என்னும் சிறு சுரப்பி ஒன்று உண்டு. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த காலத்தில், இச்சுரப்பியின் தொழிலை உலகில் எவரும் அறிந்திலர். 1961 இல், பிறந்த சுண்டெலிக் குட்டிகளில் அதனை அகற்றி ஆராய்ந்த ஜாக் மில்லர் என்னும் அறிஞரே உண்மையை வெளியிட்டார்.

தைமசு ஒரு பாடசாலை. என்பு மச்சையிலிருந்து வரும் இளம் நிணநீர்க் குழியங்கள் அங்கே மாணவர். சுரப்பியின் சட்டமாய் அமைந்த மேலணிக் கலங்கள் ஆசிரியர். கிருமி எது, சொந்த உடல் எது எனப் பகுத்தறிவதே பாடம். தேறாதவை அங்கேயே மடிகின்றன. தேறுவன மிகச் சிலவே.

இப்பாடசாலையில் தைமோமா என்னும் கட்டி தோன்றினால் குற்றவாளி யார்? நுணுக்குக்காட்டியில் நோக்கினால், பல கட்டிகளில் நிணநீர்க் குழியங்களே மொய்த்திருக்கக் காணலாம். ஆயினும் அவை குற்றமற்றவை. கட்டுக்கடங்காது பெருகியவை மேலணிக் கலங்களே. ஆசிரியர் நெறி தவறிய பின்னும் மாணவர் வகுப்புக்கு வந்து குவிவது போன்றது இது. உலக சுகாதார தாபனம் 1999 இல் தைமோமாவை ஏ, ஏபி, பி1, பி2, பி3 என வகுத்ததும், மேலணிக் கலங்களின் தோற்றத்தையும் குழியங்களின் செறிவையும் கொண்டேயாம்.

சில வேளைகளில் மாணவராகிய குழியங்களே புற்றாகின்றன. அது லிம்போமா என்னும் வேறு நோய். தைமோமாவுக்குச் சத்திரசிகிச்சை முதன்மையானது. லிம்போமாவுக்கு மருந்தே முதன்மையானது. ஆகவே, கட்டி எக்கலத்திற் பிறந்தது என்பது வெறும் பண்டிதர் வாதமன்று; நோயாளியின் உயிரோடு ஒட்டிய வினா.

தைமோமாவில் பிழையாகப் பயின்ற குழியங்கள் வெளியேறினால், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை உடலே தாக்கத் தொடங்கலாம். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் இத்தளர்ச்சி நோய், தைமோமா உடையோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உண்டாகின்றது. 1936 இல் அமெரிக்க வைத்தியர் அல்பிரட் பிளலொக், இந்நோயால் வருந்திய இளம்பெண் ஒருத்தியின் தைமசுக் கட்டியை அகற்றினார்; அவள் நலம் தேறினாள்.

மாலையானதும் கண்ணிமை தாழ்தல், ஒன்று இரண்டாய்த் தெரிதல், சோறு மெல்லுகையில் தாடை களைத்தல், ஓய்வெடுத்தால் இவை தணிதல் ஆகியன இந்நோயின் குறிகள். வீட்டில் யாருக்கேனும் இவை தோன்றினால் முதுமையென்றும் அசதியென்றும் விட்டுவிடாது, காலந்தாழ்த்தாமல் வைத்தியரிடம் காட்டுவது நன்று. இமையின் தளர்ச்சிக்குக் காரணம் நெஞ்சுக்குள்ளே இருத்தலும் கூடும்.