உடன் நிற்போர் – 9: நிபுணர்களுக்கு நடுவே ஓர் அம்மா

பெருமூளை வாதம் உள்ள நான்கு வயதுக் குழந்தைக்கு எடை கூடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதுவார். உணவியல் நிபுணர் கலோரிக் கணக்குப் போடுவார். பேச்சுப் பயிற்சியாளர் விழுங்குவதில் சிக்கலா என்று பார்ப்பார். பிசியோதெரபிஸ்ட் உட்காரும் வாகைக் கவனிப்பார். நால்வர் சொல்வதும் சரிதான். ஆனால், ஒரு வேளை உணவை ஊட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். அதை அவரிடம் கேட்டறிந்து, நான்கு யோசனைகளையும் அந்த வீட்டில் நடக்கக்கூடிய ஒரே திட்டமாக்குவது யார் வேலை?

அந்த வேலைக்கு அமெரிக்காவில் தனிப் பயிற்சியே இருக்கிறது. பெயர் ‘லெண்ட்’. இதன் வேர் 1963-இல் இருக்கிறது. ஜனாதிபதி ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. தான் சுட்டுக் கொல்லப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 31 அன்று, கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இத்தகைய குறைபாடு உள்ளவர்களுக்கான சிகிச்சையும் நிபுணர்களுக்கான பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் மையங்களைப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்துக் கட்ட அந்தச் சட்டம் பணம் ஒதுக்கியது. அந்த வழியில் வளர்ந்ததுதான் லெண்ட்.

இதில் நீண்டகாலப் பயிற்சி பெறுபவர் குறைந்தது 300 மணி நேரம் செலவிட வேண்டும். மருத்துவம், செவித்திறன், உளவியல், சமூகப்பணி என்று பல துறையினர் சேர்ந்து படிக்கிறார்கள். ‘குடும்பம்’ என்பதும் அங்கே ஒரு துறை! மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் மாணவராகவும் சேரலாம்; ஆசிரியராகவும் இருக்கிறார்கள். வருங்கால டாக்டருக்கு ஓர் அம்மா பாடம் நடத்துகிறார்.

அங்கே கற்பிக்கப்படுபவை, தாய்சேய் நலத் துறையினருக்கென வகுக்கப்பட்ட 12 தலைமைத் திறன்கள். அவை மூன்று வட்டங்களாக விரிகின்றன. முதலாவது தன்னைப் பற்றியது: தன் அறிவின் எல்லை, தன் முன்முடிவுகள், அறநெறி. இரண்டாவது பிறரோடு: பேச்சு, பேரம், பூசலைத் தீர்ப்பது, குடும்பத்தைக் கூட்டாளியாக ஏற்பது. மூன்றாவது சமூகம்: சட்டமும் கொள்கையும்.

பலரும் நழுவுவது மூன்றாவதில்தான். ஊட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தால் ஒரு குழந்தை தேறும். அந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தர மறுத்தால்? அதே நிலையிலுள்ள மற்ற குழந்தைகளுக்காக அதிகாரிகளிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் பேச வேண்டும். அதற்குப் பதவி தேவையில்லை. விஷயம் தெரிந்திருந்தால் போதும். ஆலோசனை மேசையில் அம்மாவைப் பேசவிட்டுக் கேட்டவருக்குத்தான் வெளியே என்ன பேசுவது என்பதும் தெரிந்திருக்கும்.

சரி, அந்த அம்மாவே நேராகச் சட்டமன்றப் படி ஏறினால் என்ன? 1987-இல் மினசோட்டா மாநிலம் பெற்றோருக்கு அப்படியொரு பயிற்சியைத் தொடங்கியது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)