வயிற்றுக்குள் துடிக்கும் இன்னொரு இதயம்... சுண்டெலிகளிடம் என்ன தேடுகிறார்கள்?

சுமார் 25 கிராம் எடையுள்ள ஒரு சுண்டெலி. நெஞ்சுக்குள்ள அதோட சொந்த இதயம் வழக்கம்போல துடிக்கிறது. வயிற்றுக்குள்ள இன்னொரு இதயமும் துடிக்கிறது! வேறொரு எலியிடமிருந்து எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களோடு தைத்து வைத்தது அது.

தினமும் ஆராய்ச்சியாளர் அந்த எலியைக் கையில் எடுத்து வயிற்றில் விரல் வைத்துப் பார்ப்பார். துடிப்பு தெரிந்தால் சந்தோஷம். நின்றுவிட்டால், எலியின் உடம்பு அந்த உறுப்பை நிராகரித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் எலி சாகாது. ரத்தத்தை பம்ப் செய்வது அதோட சொந்த இதயம்தானே! மரபணு பொருந்தாத எலியின் இதயம் என்றால், மருந்து கொடுக்காத பட்சத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கதை முடிந்துவிடும்.

எதுக்கு இந்த மெனக்கெடல்? கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவங்க மாத்திரை டப்பாவையும் பார்த்திருப்பீங்க. எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கிற அந்த மாத்திரைகள் கிட்டத்தட்ட எல்லோருக்குமே வாழ்நாள் முழுக்கத் தேவை. அதோட விலையாக தொற்றுகளும் சில வகைப் புற்றுநோய்களும் வரும் ஆபத்து கூடுகிறது. அதில் சில மருந்துகள் நாளடைவில் கிட்னியையே பாதிக்கும் என்பதுதான் கொடுமை. மாத்திரை இல்லாமலே புது உறுப்போடு உடம்பைச் சமாதானமாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

நிராகரிப்பது எதிர்ப்பு சக்தியின் வேலை என்பதே இரண்டாம் உலகப்போர் காலத்தில்தான் தெளிவானது. தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள், பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மெடாவரும் சர்ஜன் தாமஸ் கிப்சனும். முதல் முறையைவிட இரண்டாம் முறை ஒட்டிய தோல் வேகமாக அழிந்தது. அப்போ உடம்பு ஞாபகம் வெச்சிருக்கு! 1953-ல் மெடாவர், பில்லிங்ஹாம், பிரென்ட் மூவரும், தாய் வயிற்றிலிருந்த எலிக்குஞ்சுகளுக்கு வேறு வகை எலியின் செல்களை ஊசியில் செலுத்தினார்கள். வளர்ந்த பிறகு, அந்த வகை எலியின் தோலை அவை ஏற்றுக்கொண்டன. 1960-ல் மெடாவருக்கு நோபல் பரிசு. ஆனால், 40 வயதில் கிட்னி தேவைப்படப்போகிறவருக்குப் பிறக்கும் முன்பே ஊசி போட முடியாதே!

அதனால் கவனம் உறுப்புக்குள் போனது. அங்கே உட்கார்ந்திருப்பது யாருடைய செல்கள்? மனிதர்களிடம் ஊசி வழியாக ஒரு துணுக்கு சதைதான் எடுக்க முடியும். எலியிடம் முழு உறுப்பையும் பார்க்கலாம். (எலியின் உயிர் அதோடு போய்விடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) ஒரே வகை ஆய்வக எலிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, மரபணுவில் அச்சு அசல் ஒன்று. பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய எலியின் உறுப்பை இன்னொரு எலிக்கு வைத்தால் போதும். பச்சை செல் வந்த வீட்டுக்காரர், மற்றது சொந்த வீட்டுக்காரர்!

இப்படிப் பார்த்ததில் இரண்டு விஷயம் புரிந்தது. தானம் தந்த எலியின் எதிர்ப்பு செல்களும் உறுப்போடு பயணம் செய்து வருகின்றன. வெளியே கிளம்பிப்போய் எச்சரிக்கை மணியையும் அடித்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், தாக்க வந்த டி செல்களில் சில, உறுப்புக்குள்ளேயே குடியேறிவிடுகின்றன. இவை ரத்தத்தில் சுற்றுவதில்லை என்பதால் ரத்தத்தை மட்டும் பார்த்தால் சிக்காது.

சண்டையை நிறுத்தும் செல்களும் உண்டு. 1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி எலிகளிடம் அடையாளம் காட்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அவை. 2025-ல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்ந்து அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த செல்களை வெளியே வளர்த்துத் திரும்பச் செலுத்தும் சோதனைகள், சிறிய அளவில் கிட்னி நோயாளிகளிடமும் நடந்திருக்கின்றன.

அப்புறம் ஏன் இன்னும் மாத்திரை? எலியில் ஜெயித்த பல சிகிச்சைகள் மனிதர்களிடம் சொதப்பின. ஆய்வக எலி நோய்க்கிருமிகள் அண்டாத சுத்தமான கூண்டில் வளர்வது ஒரு முக்கியக் காரணம். நமக்கோ சளி, காய்ச்சல், அம்மை என எத்தனை அனுபவம்! பழைய கிருமியை ஞாபகம் வைத்திருக்கும் டி செல்களில் சில, புது உறுப்பையும் எதிரியாக நினைத்துப் பாய்கின்றன. ஏற்கெனவே பல வைரஸ்கள் தாக்கியிருந்த எலிகளிடம், சுத்தமான எலிகளிடம் பலித்த சிகிச்சை பலிக்கவில்லை என்று 2003-லேயே காட்டிவிட்டார்கள்.

2016-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், பெட் ஷாப்பில் வாங்கிய எலிகளை ஆய்வக எலிகளோடு ஒரே கூண்டில் விட்டார்கள். தொற்றில் சில ஆய்வக எலிகள் இறந்துபோயின. அதுவரை பச்சைக்குழந்தையுடையதைப்போல இருந்த எதிர்ப்பு சக்தி, பிழைத்த எலிகளிடம் வளர்ந்த மனிதருடையதை ஒத்ததாக மாறியிருந்தது. உறுப்பு மாற்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் இப்போது தேடுவது இந்த ‘அழுக்கு எலி’களைத்தான்.