விண்வெளியிலிருந்து வரும் மரபணுத் தரவு: பகிர்வதும் படிப்பதும்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் மனிதர்கள் தொடர்ந்து தங்கி வருகிறார்கள். மனிதர் இருக்கும் இடத்தில் நுண்ணுயிரிகளும் இருக்கும். அந்த நிலையத்தில் 40 மாதங்கள் இருந்த ஒரு காற்று வடிகட்டியைப் பூமிக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தபோது, புதிய பாக்டீரியா இனம் ஒன்று கிடைத்தது. அதற்கு 'சாலிபேசில்லஸ் கலாமி' என்று டாக்டர் அப்துல் கலாமின் பெயர் சூட்டப்பட்டது. இந்த ஆய்வை வழிநடத்தியவர் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய கஸ்தூரி வெங்கடேஸ்வரன். இவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். 2021இல் இவரது குழு அறிவித்த மற்றொரு இனம் 'மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி'. அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல்லுயிர் அறிஞர் அஜ்மல் கானின் பெயரைத் தாங்கியது.

இந்தச் செய்திகளை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மகிழ்வார்கள். அடுத்ததாக அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: அது புதிய இனம் என்று எப்படித் தெரிந்தது?

மாதிரியிலிருந்து தரவு வரை

நிலையத்தின் ஒரு பரப்பை ஈரத்துணியால் துடைத்து எடுக்கிறார்கள். அது பூமிக்கு வந்ததும் அதிலுள்ள செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். வரிசைப்படுத்தும் கருவி அந்த டி.என்.ஏ.வை ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துகளின் சிறு சிறு துண்டுகளாகப் படித்துத் தருகிறது. கிழிந்த புத்தகத்தின் தாள்களை ஒட்டுவதுபோல, கணினி அவற்றைச் சேர்க்கிறது. கிடைத்த வரிசையை, உலக அறிவியலாளர்கள் ஏற்கெனவே பொதுவில் வைத்துள்ள வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். எதனோடும் போதிய அளவு பொருந்தாவிட்டால், அது புதிய இனமாக இருக்க வாய்ப்புண்டு. பிறர் பகிர்ந்த தரவு இல்லையென்றால் இந்த ஒப்பீடே நடக்காது.

ஒருமுறை எடுத்தது, பலமுறை பயன்படுவது

விண்வெளி மாதிரியை நினைத்தபோது மறுபடி எடுக்க முடியாது. செலவு அதிகம், வாய்ப்பு அரிது. எனவே நாசா 'ஜீன்லேப்' என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தை உருவாக்கியது. விண்வெளிக்குச் சென்ற தாவரங்கள், எலிகள், நுண்ணுயிரிகள் ஆகியவற்றின் மரபணுத் தரவு அதில் உள்ளது. யாரும் கட்டணமின்றி எடுத்துப் படிக்கலாம்.

இதன் பயனுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழு, விண்வெளி நிலையத்தின் 8 இடங்களில், 14 மாத இடைவெளிக்குள் 3 முறை மாதிரிகள் எடுத்தது. அந்தத் தரவைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்த்திக் ராமன் குழு நாசா குழுவுடன் சேர்ந்து கணினி வழியே ஆராய்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டது. நிமோனியா உண்டாக்கக்கூடிய 'கிளெப்சியெல்லா நிமோனியே' அங்குள்ள வேறு சில பாக்டீரியாக்கள் வளர உதவுகிறது என்றும், 'ஆஸ்பர்ஜில்லஸ்' என்ற பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்றும் அது காட்டியது. 2024இல் வெளியான ஆய்வு, நிலையத்தில் கிடைத்த 'என்டரோபாக்டர் புகாண்டென்சிஸ்' பாக்டீரியாவின் 13 வகைகளைப் பூமியிலுள்ள வகைகளோடு ஒப்பிட்டது. மருந்துகளை எதிர்க்கும் அந்த வகைகள் மரபணு அளவில் பூமியிலுள்ளவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. மருத்துவமனை இல்லாத இடத்தில் வாழும் விண்வெளி வீரரின் உடல்நலம் இதில் அடங்கியிருக்கிறது.

குறிப்பில்லாத தரவு

ஏரல் அருகே உள்ள கொற்கையில் 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கு கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 என்று காலம் கணிக்கப்பட்டது. அந்தக் கரி எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்தப் பொருள்களோடு கிடைத்தது என்ற குறிப்பு இருப்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. குறிப்பு இல்லையென்றால் அது வெறும் கரி.

மரபணுத் தரவும் அப்படியே. மாதிரி எந்த நாளில், எந்தப் பரப்பில், எப்படி எடுக்கப்பட்டது, எத்தனை நாள் உறைநிலையில் இருந்தது என்ற விவரங்கள் உடன் இருக்க வேண்டும். இதைத் 'தரவைப் பற்றிய தரவு' எனலாம். விண்ணுக்குச் சென்ற செடிக்கு ஈடாக, அதே விதை, அதே ஒளி, அதே வெப்பநிலையில் பூமியிலும் ஒரு செடி வளர்க்கப்படுகிறது. அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல், மாற்றத்துக்கு விண்வெளிதான் காரணம் என்று சொல்ல முடியாது.

வகுப்பறையில் ஒரு கணக்கு

ஒரு மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்பதை, அதிலிருந்து உருவான ஆர்.என்.ஏ. துண்டுகளை எண்ணி அறிகிறார்கள். பயிற்சிக்காக நாமே அமைத்த எண்கள் இவை:

மரபணு 1: விண்வெளி 40, 44, 42, பூமி 20, 22, 21.
மரபணு 2: விண்வெளி 10, 70, 40, பூமி 20, 22, 18.

சராசரி கண்டால் முதலாவதில் 42-க்கு 21, இரண்டாவதில் 40-க்கு 20. இரண்டுமே 2 மடங்கு. ஆனால் எதை நம்பலாம்? இரண்டாவதில் எண்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மாதிரி பூமியின் அளவைவிடக் குறைவாகவே உள்ளது. சராசரியோடு பரவலையும் பார்க்க வேண்டும், மாதிரிகளைக் கூட்ட வேண்டும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

எல்லாவற்றையும் பகிரலாமா?

பாக்டீரியாவின் தரவைத் தயங்காமல் பகிரலாம். மனிதருடையது வேறு. விண்வெளிக்குச் சென்றவர்கள் மிகச் சிலரே என்பதால், பெயரை நீக்கினாலும் தரவு யாருடையது என்று ஊகித்துவிடலாம். மரபணுத் தரவு ஒருவரை மட்டுமன்றி அவருடைய பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றிப் பேசுகிறது. அதனால் இத்தகைய தரவுக்கு ஒப்புதலும் கட்டுப்பாடும் தேவை. மாணவர்களின் எடை, இரத்த வகை போன்ற விவரங்களைப் பெயரோடு சுவரில் ஒட்டும்போது நாமும் இதை நினைக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கப்பட்டது. 2025 ஜூன் 25 அன்று விண்ணுக்குப் புறப்பட்ட சுபான்ஷு சுக்லாவின் பயணத்தில் வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்கவைக்கப்பட்டன.

அதே பாசிப்பயற்றை நம் மாணவர்களும் முளைக்கவைக்கலாம். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம், ஏரல் என வெவ்வேறு ஊர்ப் பள்ளிகள் ஒரே படிவத்தைப் பின்பற்றட்டும். விதையின் எண்ணிக்கை, ஊறவைத்த நேரம், நீர் ஆற்றுநீரா கிணற்றுநீரா, வெப்பநிலை, 3 நாள்களில் முளையின் நீளம் ஆகியவற்றைக் குறித்து, பள்ளிகளுக்கிடையே பரிமாறிக்கொள்ளட்டும். வேறு பள்ளியின் அட்டவணையை வாங்கிப் படிக்கும்போது, எந்தக் குறிப்பு விடுபட்டிருக்கிறது என்பதை மாணவர் உடனே கண்டுபிடிப்பார். தம் குறிப்பேட்டைப் பிறர் படிக்கும்படி எழுதவும் அப்போது பழகிக்கொள்வார்.